ஒரு நாளைக்கு ஆறு போத்தல்

எனக்கு வைன் தெரியும் என்று சொன்னது பொய். ஒரு ஜப்பானிய அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். பயமாக இருந்திருக்குமே என்று இதைக் கேட்டவர்கள் பிறகு சொல்வார்கள். இருக்கவில்லை. அந்த வருஷம் எனக்குள் எதுவுமே அவ்வளவாக நடக்கவில்லை.

யுத்தத்துக்கு முன் பதினொரு வருஷம் ஜோர்ஜ் டவுன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் கிடங்கில் நான் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா; பினாங்கில் அப்படித்தான் சொல்வோம். பிஸ்கட், வெண்ணெய்த் தகரம், சவர்க்காரம், வைன் எல்லாம் கப்பலில் வந்து இறங்கும். பெட்டிக்குப் பெட்டி பெயர் எழுதி, அடுக்க இடம் காட்டுவது என் வேலை. எந்த நாட்டில் பிழிந்த வைனானாலும் அதன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவேன். வாயில் ஒரு துளி பட்டதில்லை. எங்களுடையது யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். வீட்டுக்குள் முட்டைகூட வராது. பெட்டி உடைந்து வைன் ஒழுகினால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூலிகளைக் கூப்பிடுகிற ஆள் நான்.

ஜப்பான்காரன் வந்தான். துரைமார் ஒரே இரவில் கப்பலேறிப் போய்விட்டார்கள். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. முதல் வருஷமே எங்கள் மகள் காய்ச்சலில் போனாள். மூன்றே முக்கால் வயது. மருந்து கிடைக்கவில்லை. மனைவி அழுதாள். நான் மண்வெட்டி இரவல் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அழுகை பிறகு வரும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டுக் கன்னத்தை மரத்துப்போகச் செய்வார்கள் அல்லவா, கொஞ்ச நேரத்தில் அது விட்டுவிடும். எனக்கு விடவில்லை. சோறு இருந்தால் சாப்பிட்டேன், மரவள்ளிக் கிழங்கு இருந்தால் அதைச் சாப்பிட்டேன், இரண்டுக்கும் ருசி ஒன்றாகவே இருந்தது.

வீட்டில் மூன்று பேர்: நான், மனைவி, அவளுடைய தம்பி. அவனுக்கு ஆறு வயதில் தாய் இறந்துபோனாள். என்னைக் கட்டிக்கொண்டு மனைவி கப்பலேறி வந்தபோது இடுப்பில் நகை இருந்ததோ இல்லையோ, கையில் அந்தத் தம்பி இருந்தான். அவளே குளிப்பாட்டி, அவளே பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தாள். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தபோது தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிப் பால்குடம் எடுத்தாள். ஜப்பான்காரன் வந்த பிறகு வேலை போய்விட்டது. இருபத்துமூன்று வயது, நல்ல உடம்பு, வாய் ஓயாது. அந்தக் காலத்தில் நல்ல உடம்போடு சும்மா இருப்பது ஆபத்து. சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்த்தார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்றார்கள். போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

வேலையில்லாத ஆண்களை ஒரு பள்ளிக்கூடத் திடலில் வரிசையாக நிறுத்திப் பெயர் பதிந்தார்கள். நானும் மச்சானும் நின்றோம். ஒரு அதிகாரி வந்து என் பழைய கம்பனியின் பெயரைச் சொல்லி, அதில் இருந்தவர்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கையைத் தூக்கினேன்.

"வைன் தெரியுமா?"

"தெரியும்."

"குடித்து, நல்லது கெட்டது சொல்வாயா?"

"சொல்வேன்."

அவர் படைகளுக்குச் சாமான் வழங்கும் பகுதியைச் சேர்ந்தவர். கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனிதர்; என்னை ஒரு தடவைகூட அறையவில்லை. கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் அதிகாரிகளின் உணவு விடுதியை அவர்தான் நடத்தினார். கம்பனிக் கிடங்கிலும் துரைமார் விட்டுப்போன வீடுகளிலும் கிடந்த வைன் முழுவதும் லொறியில் ஏறி அங்கே வந்து குவிந்திருந்தது. ஈரத்தில் ஊறி, கரப்பான் அரித்து, பெரும்பாலான போத்தல்களில் லேபிள் இல்லை. வெயிலில் கிடந்து பாதி புளித்துப்போயிருந்தன. சிங்கப்பூரிலிருந்து பெரிய தளபதிகள் விருந்துக்கு வருவார்கள். அவர்களுக்குக் காடியை ஊற்றிக் கொடுத்தால் இவருடைய மானம் போகும். ஆகவே நான் ஒவ்வொன்றாகத் திறந்து, ருசித்து, சோக்கட்டியால் குறி போட வேண்டும். நல்லதுக்கு வட்டம். சுமாருக்குக் கோடு. புளித்ததுக்குப் புள்ளடி, பெருக்கல் குறி போல. திறந்ததை உடனே அடைத்து மெழுகு வைத்துவிட வேண்டும். நாளானால் திறந்த வைன் கெட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியவில்லை, அப்போது எனக்கும் தெரியவில்லை.

சிவப்பு முத்திரை குத்திய கடிதம் ஒன்று கொடுத்தார். அதில் என் பெயரும் மச்சான் பெயரும் இருந்தன. பங்களாவின் புல்வெளியைக் கொத்தி மரவள்ளி நட ஒரு ஆள் தேவை என்று அவர் சொன்னபோது மச்சானை முன்னால் தள்ளிவிட்டேன். அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருக்கும்வரை எந்த லொறியும் அவனை ஏற்றாது. பார்க்க வேண்டிய போத்தல்கள் இருக்கும்வரை கடிதம் செல்லும். இதை அதிகாரி இரண்டு தடவை தெளிவாகச் சொன்னார்.

முதல் நாள் அவர் முன்னாலேயே ஒரு போத்தலைத் திறந்து கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். சமையல்காரனும் நின்றான். நான் கிண்ணத்தைத் தூக்கினேன். எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தாலும் மோர் குடித்தாலும் உதடு படக்கூடாது, பட்டால் எச்சில். அண்ணாந்து, வாயைத் திறந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வோம். பிறந்ததிலிருந்து வேறு மாதிரி நான் எதையும் குடித்ததில்லை. அப்படியே ஊற்றினேன். வைன் நாக்கைத் தொடாமல் நேரே தொண்டைக்குள் இறங்கியது. மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

அதிகாரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கமானவர்கள் இப்படித்தான் குடிப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எப்படி?"

"நல்லது," என்று வட்டம் போட்டேன்.

அவர் போனதும் சமையல்காரன் அந்தப் போத்தலை எடுத்து மோந்து பார்த்தான். ஹைனான் சீனன், என் வயதுதான் இருக்கும். வெள்ளைக்காரர் தங்கும் பெரிய ஹோட்டலின் பாரில் பதினைந்து வருஷம் ஊற்றிக் கொடுத்தவன். நாங்கள் பேசிக்கொண்டது சந்தைகளில் புழங்கும் கொச்சை மலாயில்.

"கிராணி," என்றான், "இது காடி. மீன் பொரியலுக்குத் தொட்டுக்கொள்ளலாம். நீ இதற்கு முன் வைன் குடித்ததே இல்லை, அப்படித்தானே?"

"இல்லை."

அவன் முதலில் சிரித்தான். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். ஜெனரலுக்கு இந்தப் போத்தல் போனால் உன்னை மட்டுமல்ல, ஊற்றுகிற என்னையும் சேர்த்துத்தான் அடிப்பார்கள் என்றான். வட்டத்தை ஈரத் துணியால் அழித்துவிட்டுப் புள்ளடி போட்டான். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நட்பால் அல்ல. தன் தலை தப்புவதற்காகத்தான். நட்பு பிறகு வந்தது.

முதல் வேலை மூக்கு என்றான். கிண்ணத்தைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட வேண்டும். பிறகு உதட்டை வைத்து ஒரு வாய் எடுத்து, உள்ளே உருட்டி, கொஞ்சம் காற்றை இழுக்க வேண்டும். "ஜங்கான் தெலான்!" என்று அதட்டுவான், விழுங்காதே. வாயில் இருப்பதை வாளியில் துப்ப வேண்டும். இந்த மூன்றுமே எனக்கு அருவருப்பு. பாத்திரத்துக்குள் மூக்கை விடுவது மாடு. பிறர் வாய் வைத்த கிண்ணத்தில் உதட்டை வைப்பது எச்சில். நாலு பேர் பார்க்க வாளியில் துப்புவது எங்கள் வீட்டில் நோயாளி செய்கிற வேலை. வீட்டிலிருந்து என் பித்தளைச் செம்பைக் கொண்டுபோய் அதில் ஊற்றிக் கேட்டேன். அவன் ஊற்றினான். வைன் முழுவதும் பித்தளை வாசம் அடித்தது. செம்பைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி, ஒரு கிண்ணத்தின் காலில் கறுப்பு நூல் கட்டித் தந்தான். அது எனக்கு மட்டும் என்றான். அதன் பிறகுதான் உதட்டை வைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவிக்கு வாசம் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "கிணத்தடியில வாயைக் கொப்புளிச்சுப்போட்டு வாங்கோ," என்றாள். கிழங்கை வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"எத்தினை போத்தல் கிடக்கு அங்க?"

"தொளாயிரம் இருக்கும்."

"இண்டைக்கு எத்தினை பார்த்தியள்?"

"ஆறு."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளினாள். "நாளுக்கு ஆறு எண்டால் நவராத்திரி கழியும்வரைக்கும் போகும். கூடப் பார்க்காதையுங்கோ என்ன? ஆறுதான்."

"ஆறுதான்," என்றேன்.

மச்சான் ஒரு மூலையில் இருந்து சிரித்தான். "அத்தான், மெல்ல மெல்லக் குடியுங்கோ. என்ர உயிர் இப்ப உங்கட தொண்டைக்குள்ளதான் கிடக்கு." மனைவி அவன் தலையில் குட்டினாள். மகள் போனபிறகு அவள் வாயில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரியிடம் நான் சொன்ன நியாயம், நாக்கு களைத்துப்போகும் என்பது. நாளுக்கு ஆறுக்கு மேல் போனால் தீர்ப்பு தவறிவிடும் என்றேன். அவர் தலையாட்டினார். வேலையைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். இப்படியாக ஒன்றரை மாதம் ஆறு ஆறாகப் போனது. காலையில் மூன்று, பின்னேரம் மூன்று. இடையில் சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியாக மச்சான் புல்வெளியைக் கொத்துவதைப் பார்ப்பேன். அவனும் மெல்லத்தான் கொத்தினான். அதில் அவன் கெட்டிக்காரன். ஒரு வரிசைக்குப் பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்து மண்ணோடு பேசிக்கொண்டிருப்பான்.

ஆரம்பத்தில் எனக்கு எல்லா வைனும் ஒன்றுதான். புளிப்பு, கசப்பு, எரிவு. சமையல்காரன் கேட்பான், என்ன இருக்கிறது என்று. வைன் இருக்கிறது என்பேன். அவன் தலையில் அடித்துக்கொள்வான். துரைமார் இதில் ஏதேதோ பழங்களின் பெயரைச் சொல்வார்கள், அதையெல்லாம் நானும் பார்த்ததில்லை, நீ உன் ஊர்ச் சாமானைச் சொல், யார் கேட்கப்போகிறார்கள் என்றான். ஒரு நாள் ஒரு சிவப்பு வைனை வாயில் வைத்திருந்தேன். நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கிப் பல்லில் ஒட்டுவது போல் இருந்தது. இது எனக்குத் தெரிந்த ஒன்றாயிற்றே என்று யோசித்தேன். துப்பினேன்.

"நாவற்பழம்," என்றேன் தமிழில்.

அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையைத் தட்டினான்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றில் பழம்புளி. ஒன்றில் மாதுளம் தோல். வெள்ளை வைன் ஒன்றில் நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்த மாதிரி கடைசியில் ஒரு இனிப்பு. தடித்த, இனிப்பான போர்த்துக்கீச வைனில் உலர்ந்த திராட்சையும் அடிப்பிடித்த சர்க்கரைப் பாகும். புளித்துப்போனதை வாயில் வைக்கவே தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். தக்கை கெட்டது நனைந்து காயாத குடைத்துணி போல் மணக்கும். வீட்டில் கிழங்கு, கிழங்குப் பிட்டு, கிழங்குக் கூழ். ஊரில் புளி இல்லை, வெந்தயம் இல்லை, சர்க்கரை இல்லை. இல்லாத சாமான் எல்லாம் அந்த ஒரு அறையில், லேபிள் இல்லாத போத்தல்களுக்குள் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எழும்பும்போது போக வேண்டும் என்று இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு எங்கேயும் போக வேண்டும் என்று இருந்ததில்லை.

பிழை எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு போத்தல் மிக நன்றாக இருந்தது. அதன் கழுத்தில் ஈயத்தாள் கடும்பச்சை. குவியலில் அதே பச்சையில் இன்னும் நாலு கிடந்தன. இவையும் அதே வைனா, ஒரே பெட்டியில் வந்தவையா என்று பார்க்கத் தோன்றியது. அன்றைய ஆறு ஏற்கெனவே முடிந்திருந்தது. திறந்தேன். மூன்று அதேதான். நாலாவது வேறு. அதே பச்சை, ஆனால் வேறு. ஏன் வேறு என்று அறிய, கிட்டத்தட்ட அதே வடிவப் போத்தல்கள் இரண்டைத் திறந்தேன். அன்று மொத்தம் பன்னிரண்டு.

"இண்டைக்கு எத்தினை?" என்று மனைவி கேட்டாள்.

"ஆறு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். நாளைக்கு ஒன்றும் திறக்காமல் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் பதினைந்து திறந்தேன். அதற்குள் எனக்கு ஒரு வரிசை பிடிபட்டிருந்தது. கம்பனிக் கிடங்கில் நான் எழுதிய பெயர்கள் நினைவில் இருந்தன. எந்தப் பெயர் எந்த வடிவப் போத்தலில் வரும் என்பதும் தெரியும். பெயரும் ருசியும் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கின. பதினொரு வருஷம் பெட்டிக்கு மேல் எழுதியதெல்லாம் இப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து என்னிடம் வந்தது. இருபது, இருபத்தைந்து என்று போனது. நாக்கு களைக்கவில்லை. சமையல்காரன்கூட ஒரு நாள், "கிராணி, பெலான் பெலான்," என்றான். மெல்ல, மெல்ல. அவனுக்கும் இந்த அறைதான் வேலை. நான் சிரித்துவிட்டு அடுத்த தக்கையை எடுக்கச் சொன்னேன்.

இதை வாசிக்கிறவர்கள் நான் குடிக்கு அடிமையாகிவிட்டேன் என்று நினைக்கக்கூடும். அப்படியிருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு மிடறும் விழுங்கவில்லை. எல்லாவற்றையும் வாளியில் துப்பினேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாக மச்சானைப் பார்ப்பதும் நின்றுவிட்டது. மறந்துபோனேனா? இல்லை. நன்றாக நினைவிருந்தது. நெருப்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது நினைவில் இருப்பது போல் இருந்தது. ஒவ்வொரு மாலையும் மனைவி கேட்டாள், ஒவ்வொரு மாலையும் ஆறு என்றேன். அவள் விரலை மடக்கி, "அப்ப இன்னும் ஐந்நூறு கிட்டக் கிடக்கும்," என்று ஒரு நாள் சொன்னாள். அன்று காலையில் அறையில் திறக்காமல் இருந்தவை எழுபது.

அதிகாரி ஒரு நாள் பின்னேரம் உள்ளே வந்தார். சுவரோரமாக வட்டம் போட்டவை ஒரு பக்கம், கோடு போட்டவை ஒரு பக்கம், வரிசை வரிசையாக நின்றன. குவியல் இருந்த இடத்தில் தரை தெரிந்தது. இரண்டு கிண்ணங்களில் ஊற்றச் சொல்லி, எது எது என்று கேட்டார். மோந்து பார்த்தே சொன்னேன். முதலாவதின் நாட்டைச் சொன்னேன், இரண்டாவதின் ஊரையே சொன்னேன். அவர் எனக்குத் தலை குனிந்தார். ஒரு ஜப்பானிய அதிகாரி எனக்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது பெருமை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"வேலை முடிந்தது போல் இருக்கிறதே," என்றார்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக மச்சானைத் திரும்பிப் பார்த்தேன்.

இன்னும் சரிபார்க்க வேண்டும், இரண்டாம் தடவை பார்த்தால்தான் நிச்சயம் என்றேன். தேவையில்லை, உன் நாக்கை நம்புகிறேன் என்றார். மச்சானைப் பற்றிக் கேட்டேன். மரவள்ளி நட்டாகிவிட்டது, அது தானாக வளரும் என்றார். குனிந்து நின்று திரும்பவும் கேட்டேன். விதி விதிதான் என்றார், கோபமில்லாமல். நான் நல்ல வேலைக்காரன் என்பதால் வேறு அலுவலகம் ஒன்றில் கிராணி வேலைக்குப் புதுக் கடிதம் எழுதித் தந்தார். வட்டம் போட்ட வரிசையிலிருந்து ஒரு போத்தலை எடுக்கச் சொன்னார். பரிசு. நான் எடுத்தேன். எது சிறந்தது என்று எனக்குத் தெரியும்; கை அதுவாகவே அதற்குப் போனது.

வீட்டில் மச்சான்தான் கடிதத்தை வாங்கி வாசித்தான். ஜப்பானிய எழுத்துக்குக் கீழே பெயரை ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்கள். இரண்டு தடவை வாசித்தான்.

"அத்தான், இதில என்ர பேர் இல்லை."

"போத்தல் முடிஞ்சுது," என்றேன்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "என்னெண்டு முடியும்? இன்னும் நானூறுக்கு மேல கிடக்கெல்லோ?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து எத்தனை என்று அவள் என்னிடம் கேட்டதேயில்லை.

அதிலிருந்து பதினெட்டாம் நாள், சயாமுக்கு அனுப்பும் ஆட்களின் பட்டியல் வந்தது. காலையில், தெருவுக்குப் பொறுப்பானவர் ஒரு சிப்பாயோடு வந்து மச்சானின் பெயரை வாசித்தார். மூன்று பேரும் படகேறிப் பட்டர்வொர்த்துக்குப் போனோம். அவன் வேலை பார்த்த அதே நிலையம். எந்தப் பெட்டியில் காற்று வரும் என்று மற்ற ஆட்களுக்கு அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி வாழையிலையில் கட்டிய பிட்டைக் கொடுத்தாள். சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். ஒரு குழந்தைக்குச் செய்வது போல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கோ. நீங்கள் அங்க வரத் தேவையில்லை, அங்க வைன் கிடையாது."

அவன் குத்திச் சொல்லவில்லை. சிரிப்புக் காட்டத்தான் சொன்னான். ஆறு என்று சொல்லி நான் இருபத்தைந்து திறந்தது அவனுக்குத் தெரியாது; போத்தல்கள் விருந்துக்குப் போய்விட்டன என்று நினைத்திருந்தான், மனைவியும் சொல்லவில்லை. ரயில் போனது. நான் அழுவேனா என்று எனக்குள் பார்த்தேன். எதுவும் வரவில்லை. வெயில் சுட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நவராத்திரி வந்தது. அதற்குப் பிறகு சயாமுக்கு ஆள் பிடிப்பது மெல்ல மெல்ல நின்றுபோனது. பாதை போட்டு முடித்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதை எனக்குச் சொன்னவனும் மனைவிக்குச் சொன்னவளும் வேறு வேறு ஆட்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவில்லை. நவராத்திரி கழியும்வரைக்கும் போகும் என்று அவள் விரலை மடக்கியது எனக்கு நினைவிருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

யுத்தம் முடிந்து ஆறேழு மாதம் கழித்து, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். மச்சானோடு ஒரே கொட்டகையில் இருந்தாராம். பேதி கண்டு மூன்றாம் நாள் போய்விட்டானாம். கடைசிவரை பகிடி விட்டு மற்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான் என்றார். மனைவி அவருக்குச் சோறு போட்டாள். அப்போது சோறு வந்துவிட்டது. அவர் சாப்பிட்டு முடித்துப் படி இறங்கும்வரை அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை.

பகல் பதினொரு மணி இருக்கும். அவள் அறைக்குள் போய், துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பரிசுப் போத்தலை எடுத்துவந்தாள். அதை நான் எங்கே வைத்தேன் என்பதே எனக்கு மறந்திருந்தது. அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். தேங்காய் குடைகிற கத்தியால் தக்கையைக் குத்தி உள்ளே தள்ளினாள். இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. நல்லதோ?"

நான் மோந்தேன். ஒரு வாய் எடுத்தேன். கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். அந்தச் சூட்டில், அத்தனை காலம் கிடந்தது கெட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதுவோ அந்தத் தடித்த போர்த்துக்கீச வைன்; திறந்து அடைத்தாலும் கெடாத சாதி. கெட்டுவிட்டது என்று பொய்யாவது சொல்லலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் போத்தல்களின் விஷயத்தில் அவளுக்கு நான் சொன்ன பொய் போதும் என்று இருந்தது.

"நல்லது," என்றேன்.

அவள் தன் கோப்பையை எடுத்துக் குடித்தாள். வாழ்நாளில் அதைத் தொடாதவள். முகத்தைச் சுளிக்கவில்லை. வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், அதில் என்னதான் இருக்கிறது என்று தேடுகிறவள் போல. விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்து அதையும் அப்படியே தேடினாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கோ?" என்றாள்.

"ஓம்," என்றேன்.